ஒரே இடத்தில் குவிந்த 74 புள்ளிகள்: ஒரு புதைபடிவச் சேகரிப்பைத் தரவுத்தளமாக்கியபோது நேர்ந்த பிழையும் அதன் திருத்தமும்

பின்னணி

ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த சுமார் 1,100 புதைபடிவ மாதிரிகள் மர இழுப்பறைகளில் வைக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவை கிரிட்டேசியஸ் காலக் (ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) கடற்படிவுகளில் கிடைத்த அம்மோனைட்டுகள், அதாவது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் மெல்லுடலிகள். மீதி சிப்பிகள், கடல் முள்ளெலிகள், சில சுறாப் பற்கள். முக்கால் பங்குக்கு மேல் ஒரே பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் சேகரித்தவை. அவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த மாதிரி எங்கே கிடைத்தது என்ற செய்தி மூன்று இடங்களில் சிதறியிருந்தது: மாதிரியுடன் இருந்த சிறு சீட்டு, துறையின் பதிவேடு, பேராசிரியரின் களக் குறிப்பேடுகள். குறிப்பேடுகள் அவர் வீட்டில் இருந்தன என்பதை நாங்கள் அப்போதே அறிந்திருந்தோம். ஆனால் சீட்டும் பதிவேடும் போதும் என்று எண்ணிவிட்டோம்.

முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவர் இந்தச் சேகரிப்பைப் பயன்படுத்த விரும்பினார். அம்மோனைட் இனங்கள் நிலவியல் கணக்கில் குறுகிய காலமே வாழ்ந்தவை. அந்தக் காலத்துக்குள் பரந்த கடற்பரப்பில் பரவியவை. அதனால் ஒரு பாறை அடுக்கின் வயதைக் கணிக்க அவை மிக நல்ல சான்றாகின்றன. எந்த இனம் எந்த அடுக்கில் முதலில் தோன்றுகிறது, எந்த அடுக்குக்கு மேல் காணப்படவில்லை என்பதே அவருடைய ஆய்வுக் கேள்வி. அதற்கு மாதிரிகளின் விவரங்களைத் தரவுத்தளத்தில் சேர்த்து வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. தரவுத்தளத்தை வடிவமைக்கும் பொறுப்பு எனக்கும், சீட்டுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் பொறுப்பு ஆய்வக உதவியாளருக்கும் வந்தன.

கண்டெடுத்த இடங்களைக் காப்பது இன்றும் எங்கள் கடமையாக இருப்பதால் இங்கே ஊர், பாறை அமைப்பு, ஆட்கள் ஆகியோரின் பெயர்களைத் தரவில்லை.

முதல் பதிவு

தொடங்கியது ஒரு சாதாரண விரிதாளில். ஒரு மாதிரிக்கு ஒரு வரிசை. அதில் எண், இனப்பெயர், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, அடுக்கு, சேகரித்தவர், ஆண்டு. வரைபடம் வரைவதே நோக்கம் என்பதால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெறுமையாக இருந்தால் வரிசை ஏற்கப்படாது என்று நான் ஒரு விதி அமைத்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த விதியே முதற்காரணம் என்பதால் அதை இங்கே தெளிவாகப் பதிகிறேன்.

பல சீட்டுகளில் ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) எதுவும் இல்லை. ஊர்ப்பெயர் மட்டுமே இருந்தது. உதவியாளர் என்னிடம் கேட்டார்: “சார், ஊர் பேர் மட்டும்தான் இருக்கு. என்ன போடட்டும்?” இணைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடி, அது காட்டும் புள்ளியின் எண்களைப் போடும்படி நான் சொன்னேன். அவர் சொன்னபடி செய்தார். இணைய வரைபடம் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கங்கள் தந்தது. ஐந்தும் விரிதாளில் ஏறின. தசமத்துக்குப் பின் ஐந்தாம் இலக்கம் என்பது தரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஓர் ஊர்ப்பெயரைத் தவிர வேறெதையும் அறியாத சீட்டு, ஒரு மீட்டர் துல்லியம் உள்ள பதிவாக மாறிவிட்டது. நான்கு மாதங்களில் பதிவு முடிந்தது.

வரைபடம் காட்டியது

விரிதாளைக் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றியபோது புள்ளிகள் பாறைகள் வெளித்தெரியும் பகுதியை ஒட்டி ஒரு பட்டையாக விழுந்தன. பார்க்க நம்பிக்கையாக இருந்தது. அந்தப் பட்டையின் தென்முனையில் ஓரிடத்தில் மட்டும் 74 மாதிரிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. அவற்றுள் இரண்டு அம்மோனைட் இனங்கள் மாணவியின் கவனத்தை ஈர்த்தன. மற்ற பகுதிகளில் அவற்றுள் ஒன்று கீழடுக்குகளிலும் மற்றொன்று மேலடுக்குகளிலும் கிடைப்பது வழக்கம். இங்கே இரண்டும் ஒரே புள்ளியில் இருந்தன. இரண்டும் சில காலமேனும் சேர்ந்து வாழ்ந்தன என்றால் அது புதிய செய்தி. அவர் அந்தக் கருத்தை மையமாக வைத்து ஓர் இயலின் முதல் வரைவை எழுதினார். அடுத்த களப்பணியில் அந்த இடத்தில் குழி வெட்டிப் பார்ப்பது என்றும் திட்டமிட்டோம்.

வரைபடத்தில் வேறோர் எச்சரிக்கையும் இருந்தது. ஒன்பது புள்ளிகள் ஓர் ஏரியின் நீர்ப்பரப்புக்குள் விழுந்திருந்தன. மாதிரிகள் எடுக்கப்பட்ட பிறகு ஏரி விரிந்திருக்கலாம் என்று விளக்கம் கூறிக்கொண்டு அதைக் கடந்துவிட்டோம். நம் முடிவுக்கு ஏற்ற புள்ளிகளை ஆராயாமல் ஏற்றதும், ஏற்காத புள்ளிகளுக்கு எளிதாக விளக்கம் தேடியதும் ஒரே மனநிலையின் இரு பக்கங்கள் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

களத்தில் கண்டது

களத்துக்கு நால்வர் சென்றோம். பேராசிரியரும் உடன் வர இசைந்தது எங்கள் நல்லூழ். கைபேசியின் ஜிபிஎஸ் காட்டிய வழியில் போனபோது, 74 மாதிரிகளின் புள்ளி ஊரின் நடுவே இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தில் இருந்தது. காலடியில் அண்மைக் கால வண்டல் மண். கண்ணுக்கெட்டிய வரை பாறையே இல்லை. பேராசிரியர் சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்க நான் ஒரு கல்லைக்கூட எடுத்ததில்லையேம்மா” என்றார்.

பிறகு அவர் எங்களை மூன்று இடங்களுக்கு அழைத்துச் சென்றார். முதலாவது, ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த பழைய சுண்ணாம்புக்கல் குவாரி. இரண்டாவது, ஓர் ஓடையின் அரித்த கரை. மூன்றாவது, ஒரு கிணறு வெட்டியபோது வெளியே கொட்டிய மண்மேடு. மேடு இப்போது இல்லை, கிணறு இருந்தது. அந்தப் பகுதியில் சேகரிக்கும்போதெல்லாம் அவர்கள் அந்த ஊரில் தங்கியதால், மூன்று இடங்களில் எடுத்தவற்றுக்கும் சீட்டில் ஊர்ப்பெயரையே எழுதியிருக்கிறார்கள். இடத்தின் முழு விவரம் களக் குறிப்பேட்டில் இருப்பதால், சீட்டு அவர்களுக்கு ஒரு நினைவுக் குறி மட்டுமே.

குவாரியில் அவர் காட்டிய காட்சியே இந்த நிகழ்வின் முக்கியமான பாடம் என்று நான் கருதுகிறேன். செங்குத்தான ஒரே சுவரில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில், புதைபடிவம் நிறைந்த இரண்டு அடுக்குகள் இருந்தன. கீழடுக்கில் ஓர் இனம், மேலடுக்கில் மற்றோர் இனம். இரண்டுக்கும் இடையே பல இலட்சம் ஆண்டுகளின் படிவு இருக்கக்கூடும். ஆனால் சுவர் செங்குத்தாக இருப்பதால் இரண்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒன்றே. எத்தனை துல்லியமான கருவியால் அளந்தாலும் வரைபடத்தில் அவை ஒரே புள்ளியாகத்தான் விழும். கிடைமட்டத் துல்லியத்துக்காக உழைத்த நாங்கள், காலத்தைச் சொல்லும் செங்குத்துத் திசையை விரிதாளின் ஒரு சாதாரணப் புலமாக (நெடுவரிசையாக) விட்டிருந்தோம். 1815இல் வில்லியம் ஸ்மித் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நிலவியல் வரைபடம் வெளியிட்ட காலத்திலேயே, அடுக்கைக் கொண்டு புதைபடிவத்தையும் புதைபடிவத்தைக் கொண்டு அடுக்கையும் அறியலாம் என்பது தெளிவாகியிருந்தது. எங்கள் விரிதாளோ அந்த அறிவுக்கு இடம் தராத வடிவில் அமைந்திருந்தது.

பிழைகளைப் பிரித்தறிந்தது

திரும்பி வந்ததும் மாணவி தம் இயலைத் தாமே நிறுத்திவைத்தார். நான் விரிதாளை மீண்டும் வரிசை வரிசையாகச் சோதித்தேன். ஒரே பிழை என்று நினைத்தது வெவ்வேறு காரணங்களால் விளைந்த பல பிழைகளாக இருந்தது.

ஊர் நடுப்புள்ளிகளைப் பற்றி மேலே சொன்னேன். ஏரிக்குள் விழுந்த ஒன்பது புள்ளிகளின் காரணம் வேறு. அவை பழைய நில அளவை வரைபடத்திலிருந்து கையால் படித்து எழுதியவை. பூமி முழுமையான கோளம் அன்று. அதன் வடிவத்தை எந்த நீள்கோளமாகக் கொள்கிறோம், அதை எங்கே பொருத்துகிறோம் என்பதைச் சொல்லும் அளவை அடிப்படைக்கு டேட்டம் என்று பெயர். பழைய வரைபடங்கள் அந்தந்த நிலப்பகுதிக்கு ஏற்ற டேட்டத்தில் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது உலகம் முழுவதற்குமான டபிள்யூஜிஎஸ் 84. இரண்டிலும் ஒரே எண்கள் சில நூறு மீட்டர் தள்ளியுள்ள இரு வேறு இடங்களைக் குறிக்கலாம். எங்கள் விரிதாளில் டேட்டத்துக்குப் புலமே இல்லாததால், எல்லா எண்களையும் மென்பொருள் டபிள்யூஜிஎஸ் 84 என்றே எடுத்துக்கொண்டது.

சில வரிசைகளில் பாகையும் கலையுமாக எழுதியிருந்த எண் தசமமாகப் படிக்கப்பட்டிருந்தது. 30 கலை என்பது அரைப் பாகை, அதை .30 என்று எழுதினால் 0.2 பாகை குறைகிறது. அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், அந்த ஒரு புள்ளி 22 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். இத்தனை பெரிய பிழை வரைபடத்தில் உடனே கண்ணில் படும்; ஆபத்து அதில் குறைவு. சில நூறு மீட்டர் பிழையே நம்பும்படியாக இருந்து ஏமாற்றும்.

அடுக்கு எண்களில் நேர்ந்தது இன்னும் வருத்தமானது. மூன்றாம், நான்காம் அடுக்குகளின் எல்லையில் கிடைத்ததைக் குறிக்கப் பேராசிரியர் 3-4 என்று எழுதுவார். விரிதாள் மென்பொருள் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிச் சேமித்துவிட்டது. சீட்டுகள் பத்திரமாக இருந்ததால் மட்டுமே அவற்றை மீட்க முடிந்தது.

1990களில் எடுத்த ஒரு சில ஜிபிஎஸ் அளவீடுகளும் இருந்தன. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. அந்தக் கலப்பு 2000 மே 2 அன்றுதான் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய அளவீடு நூறு மீட்டர் வரை விலகியிருக்கலாம். ஆகவே பதிவு எடுத்த ஆண்டும் துல்லியத்தைப் பற்றிய ஒரு சான்றுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஊர் நடுப்புள்ளியில் இருந்த 74 மாதிரிகளையும் ஆய்விலிருந்து நீக்கிவிடலாம் என்று மாணவி கூறினார். ஐயமுள்ள தரவை வைத்துக்கொண்டு மீண்டும் தவறக் கூடாது என்பது அவர் வாதம், அது நியாயமானது. நீக்கினால் பின்னால் சான்று கிடைத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது என் அச்சம். ஐயத்தை மறைக்காமல் அளந்து எழுதுவது என்ற நடுவழியை ஏற்றோம். ஜான் வீசொரெக்கும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட முறை இதற்கு ஏற்றதாக இருந்தது: ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புள்ளியோடு, உண்மையான இடம் நிச்சயமாக உள்ளடங்கும் ஒரு வட்டத்தின் ஆரத்தையும் எழுத வேண்டும். ஊர்ப்பெயர் மட்டும் உள்ள பதிவுக்கு, அந்தப் பெயரால் குறிக்கப்பட்டிருக்கக்கூடிய மிகத் தொலைவான இடம் வரை ஆரம் நீளும். எங்கள் ஊருக்கு அது மூன்று கிலோமீட்டர். வரைபடத்தில் புள்ளிகளுக்குப் பதில் வட்டங்களை வரையத் தொடங்கியதும், 74 மாதிரிகளின் குவியல் குவாரி, ஓடை, கிணறு மூன்றையும் மூடிய ஒரு பெரிய வட்டமாகத் தெரிந்தது. முதல் நாளே இப்படி வரைந்திருந்தால் அங்கே குழி வெட்டும் எண்ணம் எழுந்திருக்காது.

அடுத்து, ஒற்றை விரிதாளைக் கைவிட்டு நான்கு அட்டவணைகள் உள்ள தரவுத்தளத்துக்கு மாறினோம். இடம், சேகரித்த நிகழ்வு, மாதிரி, இனங்காணல் என்பன அவை. ஒரே இடத்துக்குப் பலமுறை சென்று சேகரித்திருக்கலாம். ஒரே மாதிரிக்குப் பின்னாளில் வேறொருவர் வேறு இனப்பெயர் சூட்டலாம். பழைய இனப்பெயரின்மேல் புதியதை எழுதினால் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது அழிந்துபோகும். இனங்காணலைத் தனி அட்டவணையாக்கியதால் ஒவ்வொரு கருத்தும் தேதியுடன் நிற்கிறது. பேலியோபயாலஜி டேட்டாபேஸ் என்ற உலகளாவிய தரவுத்தளமும் தனி மாதிரியை அன்றி, ஓரிடத்தில் ஒரு படிவில் கிடைத்த தொகுதியையே அடிப்படை அலகாகக் கொள்கிறது. அதைப் பார்த்தபின், சேகரித்த நிகழ்வின் அட்டவணையில் அடுக்கைக் கட்டாயம் கேட்பது என்று முடிவு செய்தோம்.

இங்கே முன்பு செய்த பிழையைத் திரும்பச் செய்யாமல் இருக்கக் கவனம் எடுத்தோம். ‘கட்டாயம்’ என்றால் ஏதேனும் ஒன்றை இட்டு நிரப்புவது அன்று. அடுக்கு தெரியாவிட்டால் வெறுமையாக விடலாம். ஆனால் ஏன் வெறுமை என்பதை நான்கு காரணங்களுள் ஒன்றாகக் குறிக்க வேண்டும்: சீட்டில் இல்லை, படிக்க முடியவில்லை, இடம்பெயர்ந்த மண்ணில் கிடைத்தது, இன்னும் குறிப்பேட்டோடு ஒப்பிடவில்லை. கிணற்று மண்ணில் கிடைத்தவற்றுக்கு மூன்றாவது காரணம் நிரந்தரமானது. அவற்றின் அடுக்கை எந்தக் குறிப்பேடும் சொல்ல முடியாது.

சீட்டிலுள்ள வாசகத்தை எழுத்துப் பிழையும் மாறாமல் அப்படியே ஒரு புலத்தில் எழுதி அதைப் பூட்டினோம். எங்கள் விளக்கம் வேறு புலத்தில் வரும். ஒவ்வொரு சீட்டையும் மாதிரி எண்ணுடன் சேர்த்துப் படம் எடுத்து இணைத்தோம். புலங்களின் பெயர்களுக்கு உயிரினப் பதிவுகளைப் பகிர்வதற்காக 2009இல் ஏற்கப்பட்ட டார்வின் கோர் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றினோம். மூல வாசகம், டேட்டம், மீட்டரில் ஐயத்தின் அளவு, பாறை அமைப்பு, அடுக்கு ஆகியவற்றுக்கு அதில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. நான் முதலிலேயே அதைப் படித்திருந்தால் பாதிப் பிழைகள் நேர்ந்திருக்கா.

புதிய களப்பணியில் உயரத்தை ஜிபிஎஸ் கொண்டு எழுதுவதையும் நிறுத்தினோம். கைபேசி திறந்த வெளியில் கிடைமட்டமாக ஐந்து மீட்டர் அளவில் சரியாகக் காட்டும். உயரத்தில் பிழை அதைவிட அதிகம், குவாரிச் சுவரோரத்தில் இன்னும் அதிகம். எளிதில் அடையாளம் காணக்கூடிய ஓர் அடுக்கை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து அளவு நாடாவால் மேலும் கீழும் அளந்து எழுதுகிறோம்.

வரைபடத்தை வெளியிடுவது பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. எல்லாத் தரவும் திறந்திருக்க வேண்டும் என்று மாணவி வாதிட்டார். துல்லியமான இடம் வெளியானால் விற்பனைக்காகத் தோண்டுபவர்கள் முதலில் வருவார்கள், அடுக்கு விவரம் இன்றி எடுக்கப்பட்ட புதைபடிவம் அறிவியலுக்குப் பெரும்பாலும் இழந்ததற்குச் சமம் என்று பேராசிரியர் கூறினார். பொதுப் பிரதியில் ஆயத்தொலைவைத் தசமத்துக்குப் பின் ஓர் இலக்கமாகச் சுருக்கி, அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டர் அளவில் தந்து, சுருக்கப்பட்டது என்பதையும் அங்கேயே எழுதுவது என்று முடிவாயிற்று. காரணம் கூறிக் கேட்கும் ஆய்வாளருக்கு முழு விவரமும் தரப்படும்.

பின் நிகழ்ந்தவை

பேராசிரியரின் 23 குறிப்பேடுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்தோம். அவர் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. பல சுருக்கக் குறிகளை அவர் வாயால் விளக்க, மாணவி ஒலிப்பதிவு செய்து எழுதிக்கொண்டார். திருத்தப் பணி முழுவதும் 14 மாதங்கள் நீடித்தது.

ஊர் நடுப்புள்ளியில் இருந்த 74 மாதிரிகளுள் 41 குவாரிக்கும், 12 ஓடைக்கரைக்கும், 9 கிணற்றுக்கும் திரும்பின. மீதி 12க்கு இன்றும் மூன்று கிலோமீட்டர் வட்டமே உள்ளது. குவாரி மாதிரிகளுள் 29க்கு அடுக்கும் கிடைத்தது. சேர்ந்து வாழ்ந்ததாக எண்ணிய இரண்டு இனங்களுள் ஒன்று முழுக்கக் கீழடுக்கிலும் மற்றொன்று மேலடுக்கிலும் அமைந்தன. ஒரே ஒரு மாதிரி முரணாக நின்றது: மேலடுக்கு இனம், ஆனால் சீட்டில் கீழடுக்கு எண், அதுவும் வேறொருவர் கையெழுத்தில். அதன் ஓட்டிடுக்கில் ஒட்டியிருந்த மண்ணைச் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதிலிருந்த நுண்ணுயிர் ஓடுகளான ஃபோரமினிஃபெராக்கள் மேலடுக்கிலுள்ளவற்றோடு பொருந்தின. சீட்டு மாறியிருக்க வேண்டும் என்று குறித்து, சான்றையும் சேர்த்து எழுதினோம். சீட்டின் வாசகத்தை மாற்றவில்லை.

மாணவியின் இயல் புதிதாக எழுதப்பட்டது. சேர்ந்து வாழ்ந்தன என்ற கூற்று நீங்கி, இரண்டு இனங்களுக்கும் இடையே ஒன்பது மீட்டர் படிவில் இரண்டுமே இந்தச் சேகரிப்பில் கிடைக்கவில்லை என்ற அடக்கமான செய்தி அங்கே வந்தது. கிடைக்கவில்லை என்பது வாழவில்லை என்பதாகாது என்பதையும் அவர் எழுதினார். முதல் வரைவு மதிப்பீட்டுக்குப் போயிருந்தால் அந்தப் பிழை மற்றவர்களின் வயதுக் கணிப்புகளிலும் ஏறியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் எனக்கு நடுக்கம் உண்டாகிறது.

ஏரிக்குள் விழுந்த ஒன்பதில் எட்டு, டேட்டம் மாற்றியதும் ஓடைக்கரைப் பாறைகளின்மேல் வந்து அமர்ந்தன. ஒன்பதாவதில் 1 என்ற இலக்கம் 7 என்று படிக்கப்பட்டிருந்தது. ஏரி விரியவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்னொரு முறை தொடங்கினால் நான் முதலில் போவது கணினியிடம் அன்று, பேராசிரியரிடம். குறிப்பேடுகளைப் படமெடுத்து, சேகரித்தவரோடு இடங்களுக்கு நடந்து, அதன் பிறகே அட்டவணையை வடிவமைப்பேன். முப்பது மாதிரிகளை மட்டும் முழுமையாகப் பதிந்து, அவற்றைக் களத்தில் சரிபார்த்த பின்னரே மற்றவற்றைத் தொடுவேன். தட்டச்சு செய்பவர் “தெரியாது” என்று எழுதத் தடையில்லாத படிவத்தைத் தருவேன். எங்கள் உதவியாளர் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டார், தவறான விடை என்னுடையது.

மாதிரிகளைக் கழுவும் முறையையும் துறை மாற்றியிருக்கிறது. முன்பு ஒட்டிய மண்ணை முற்றிலும் நீக்கிப் பளிச்சென்று வைப்பது வழக்கம். இப்போது ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் சிறிது மண்ணைத் தனிக் குப்பியில் இட்டு, அதே எண்ணைக் குப்பியிலும் எழுதி வைக்கிறார்கள். இடம் தெரியாத 12 மாதிரிகளுள் நான்கில் மட்டும் இடுக்குகளில் மண் எஞ்சியிருக்கிறது. அந்த நான்கையும் இப்போது மாணவி நுண்ணோக்கியில் ஆராய்ந்து வருகிறார். மற்ற எட்டும் பல ஆண்டுகளுக்கு முன்பே நன்றாகக் கழுவப்பட்டுவிட்டன.